சைக்கிளில் அமெரிக்கா பார்த்த வங்காளி

வேப்பம்பட்டு ஸ்டேஷனில் சைக்கிளை விட்டுவிட்டு ரயில் ஏறும் மாணவர்கள் பலருக்கு அமெரிக்கா ஒரு கனவு. அந்த நாட்டை அந்தக் காலத்திலேயே பார்த்து எழுதிய ஒரு சைக்கிள் பயணி உண்டு. பெயர் ராமநாத் பிஸ்வாஸ். இன்று வங்கதேசத்தில் உள்ள பானியாசோங் கிராமத்தில் 1894ல் பிறந்தவர்.

1931 ஜூலை 7ல் சிங்கப்பூரில் இருந்து உலகம் சுற்றக் கிளம்பினார். கையில் இரண்டு சால்வை, ரிப்பேர் சாமான்கள். அவ்வளவுதான்!

1938ல் ஆப்பிரிக்கா, பிறகு அமெரிக்கா. இந்தியர்கள் வெள்ளையர் அல்ல, அதனால் குடியுரிமை கிடையாது என்று 1923லேயே அந்நாட்டு சுப்ரீம் கோர்ட் சொல்லியிருந்தது. 1946ல்தான் அது மாறியது. 'இன்றைய அமெரிக்கா' என்று பொருள்படும் தன் வங்காளி நூலில் அங்கு கண்ட நிறவெறியையும் பிஸ்வாஸ் எழுதினார்.

ரயிலில் போகிறவன் ஊரை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் போய்விடலாம். சைக்கிள்காரன் பொழுது சாய்ந்தால் யாரிடமாவது தண்ணீரும் படுக்க இடமும் கேட்டே ஆகவேண்டும். முகத்தைப் பார்த்து ஊர் என்ன பதில் சொல்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

சரி, கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலைக்கு வரும் வங்காளிப் பையன் வாடகைக்கு ரூம் கேட்டால் இங்கே என்ன பதில் கிடைக்கிறது?