மூன்று செய்திகளும் ஒரு கேள்வியும்



வழக்கம்போல மூன்று செய்திகளோடு வந்திருக்கிறோம். அறிவியலில் ஒன்று, தொழில்நுட்பத்தில் ஒன்று, அரசியலில் ஒன்று. மூன்றும் வேறு வேறு ஆண்டுகளில், நாளிதழின் வேறு வேறு பக்கங்களில் வந்தவை. ஆனால் எங்கள் ஊரில் உட்கார்ந்து சேர்த்து வாசித்தபோது மூன்றும் ஒரே செய்தியாகத்தான் தெரிந்தன.

எங்கள் வாசிப்பு ஞாயிற்றுக்கிழமை மாலையில் நடக்கும். சாத்தூரிலிருந்து சிவகாசி போகிற சாலையில் உள்ளே தள்ளியிருக்கும் ஒரு காலனியின் சமுதாயக்கூடம்தான் இடம். சனிக்கிழமை பட்டாசு ஆலைகளில் சம்பளம் போடும் நாள் என்பதால், ஞாயிறுதான் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். கல்லூரிப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். ஆலைக்குப் போகும் அக்காமார் சிலரும் பூக்கட்டிக்கொண்டே வந்து உட்காருவார்கள். பிள்ளைகள் செய்தியை வாசிப்பார்கள், அக்காமார் குறுக்கே கேள்வி கேட்பார்கள். வாசித்தவர்கள் மாணவர்களாகவும் கேட்டவர்கள் ஆசிரியர்களாகவும் மாறிப்போன நாட்களே அதிகம்.

எந்தச் செய்தியை வாசித்தாலும் முடிவில் ஒரு கேள்வி கேட்பதை வழக்கமாக வைத்திருக்கிறோம்: "இதுல வேலை செய்யுற ஆளு எங்கே?"

1. பச்சை உப்பு

2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அர்ஜுன் கோபால் வழக்கில் தீர்ப்பளித்தது. பேரியம் உப்புகள் சேர்த்த பட்டாசுக்குத் தடை. சரவெடிக்கும் தடை. இனி பசுமைப் பட்டாசு மட்டுமே. நாக்பூரில் உள்ள 'நீரி' என்ற மத்திய அரசின் ஆய்வு நிறுவனம் அதற்கான கலவைகளை உருவாக்கியது. ஸ்வாஸ், ஸ்டார், சஃபல் என்று பெயர்கள். பழைய பட்டாசைவிட நுண்துகள் குறைந்தது 30 சதவீதம் குறையும் என்பது கணக்கு.

எங்களில் ஒரு தங்கை பி.எஸ்சி. வேதியியல் படிக்கிறாள். பிளஸ் டூ செய்முறைத் தேர்வில் சுடர் சோதனை செய்ததை அவள்தான் விளக்கினாள். பேரியம் இருந்தால் சுடர் இளம்பச்சையாகத் தெரியும். வாணவெடியில் நாம் பார்க்கும் பச்சை நிறம் அதுதான். ஒரு சிட்டிகை உப்புக்கே மேலங்கி போடச் சொல்வார்கள், கையைக் கழுவச் சொல்வார்கள், அது நஞ்சு என்பார்கள்.

பக்கத்தில் இருந்த அவளுடைய அம்மா சொன்னார்: "ஏம்மா, பச்சை உப்பைத்தானே சொல்றே? பாக்க வெள்ளையா இருக்கும். பதினஞ்சு வருசம் வெறுங்கையால அள்ளியிருக்கேன்."

கூடத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. மகள் கண்ணாடிக்குழாயில் பார்த்ததைத் தாய் சாக்கில் பார்த்திருக்கிறார். இருவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். அதுவரை அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை.

அடுத்து அந்த அம்மா கேட்டதுதான் முக்கியம். "முப்பது சதவீதம் கொறையுதுன்னா யாருக்குக் கொறையுது?"

அளந்தது பட்டாசு வெடித்த பிறகு வரும் புகையை. வெடிப்பதற்கு முன்னால் அதைக் கலந்து, அலசி, குழாயில் செலுத்துகிறவர் மூச்சில் போகிற தூளை அல்ல. பேரியம் கையில் படாமல் போவது நல்லதுதான், அதை நாங்கள் மறுக்கவில்லை. நாங்கள் அறிவியலுக்கு எதிரானவர்களும் அல்ல. ஆனால் புதுக் கலவை எவ்வளவு உராய்வைத் தாங்கும், எவ்வளவு வெயிலைத் தாங்கும் என்று அதைத் தொடுகிறவரிடம் சொல்ல வேண்டாமா? "ஃபார்முலா மாறிடுச்சுன்னு மட்டும் போர்மேன் சொன்னாரு" என்றார் இன்னொரு அக்கா.

தீர்ப்பு வந்த அடுத்த மாதம் ஆலைகளை மூடினார்கள். மாதக்கணக்கில் வேலை இல்லை. டெல்லியில் சுத்தமான காற்றைக் கேட்டவர்களின் உரிமை உண்மையானது. அந்த மாதங்களில் எங்கள் காலனியில் வட்டிக்கு வாங்கிய கடனும் உண்மையானது.

2. பாக்கெட்டுக்கு ஓர் அடையாளம்

2025 அக்டோபர் 15 அன்று உச்ச நீதிமன்றம் டெல்லி வட்டாரத்தில் தீபாவளிக்குச் சில நாட்கள் மட்டும் பசுமைப் பட்டாசு விற்கவும் வெடிக்கவும் அனுமதித்தது. நிபந்தனைகளில் ஒன்று கியூஆர் கோடு. பாக்கெட்டை ஸ்கேன் செய்தால் அது அங்கீகரிக்கப்பட்டதா, போலியா என்று தெரிந்துவிட வேண்டும்.

பிள்ளைகளுக்கு இந்தச் செய்தி பிடித்திருந்தது. செல்போனை எடுத்துக் காட்டினார்கள். நமது கேள்வியைப் போட்டுப் பார்த்தோம். பாக்கெட்டுக்கு அடையாளம் வந்துவிட்டது. அதைச் செய்தவருக்கு?

வெளியூர்த் தோழர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். இங்கே உரிமத்தை நாக்பூர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், டி.ஆர்.ஓ. லைசென்ஸ் என்று பிரித்துச் சொல்வார்கள். உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும். அவர் அறைகளைப் பிரித்துப் பலருக்கு விடுவார். இதற்கு உள்குத்தகை என்று பெயர். சட்டப்படி கூடாது. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த விபத்தில் வெளியே வந்ததும் இந்த உள்குத்தகைதான். அறையை எடுத்தவர் போட்ட பணத்தைச் சீசனுக்குள் எடுத்தாக வேண்டும். ஓர் அறைக்கு நான்கு பேர் என்ற விதி அங்கேதான் உடைகிறது. மரத்தடியிலும் வேலை நடக்கும். அந்த ஆட்களின் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கும்?

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு விபத்துக்குப் பிறகு மருத்துவமனை வாசலில் ஒரு குடும்பத்தோடு நின்றோம். வீட்டின் அம்மா உள்ளே இருக்கிறார். ஆலையின் பதிவேட்டில் அவர் பெயர் இல்லை. "எங்க ஆளே இல்லை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். அவர் அங்கே வேலை பார்த்தார் என்று நிரூபிக்க நாங்கள் அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல. கடைசியில் கைகொடுத்தவை மூன்று: பெயரும் தொகையும் பேனாவில் எழுதிய ஒரு சம்பளக் கவர், ஆட்களை ஏற்றிப் போன வேன்காரரின் சாட்சி, மதியச் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து அறைப் பெண் செல்போனில் எடுத்த ஒரு படம்.

அதனால் இப்போது ஒரு வேலை செய்கிறோம். ஒவ்வொரு சனிக்கிழமையும் சம்பளக் கவரைப் படமெடுத்து வைக்கச் சொல்கிறோம். எழுதத் தெரியாத அக்காவுக்கு வீட்டுப் பிள்ளை எடுத்துக் கொடுக்கிறது. எந்த நாள், எந்த ஆலை, எந்த வேன் என்று ஒரு நோட்டில் குறித்துவைக்கிறார்கள். எங்களுக்குக் கட்டுப்படியாகிற தொழில்நுட்பம் இவ்வளவுதான். ஆனால் பயன்படுகிறது.

3. இருபது, நாற்பது ஆன கதை

2025 நவம்பர் 21 அன்று ஒன்றிய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. தொலைக்காட்சியில் இரண்டு நாள் விவாதம் நடந்தது. ஒரு வரியை மட்டும் நாங்கள் மூன்று முறை வாசித்தோம்.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில், மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர், மின்சாரம் இல்லாத இடத்தில் 20 பேர் வேலை பார்த்தால் அது தொழிற்சாலை. புதிய தொகுப்பில் அது 20 என்றும் 40 என்றும் ஆகிவிட்டது.

மருந்து அறையில் மின்சாரம் கிடையாது. ஒரு சிறு பொறி போதும் என்பதால் பகல் வெளிச்சத்தில்தான் வேலை. ஆபத்து அதிகம் என்பதால் மின்சாரம் வைக்காத இடத்துக்கு, மின்சாரம் இல்லை என்பதாலேயே வரம்பு இரட்டிப்பாக இருக்கிறது! உள்குத்தகையில் அறை அறையாகப் பிரித்துவிட்டால் 40 பேர் கணக்கு எங்கே வரும்? ஆபத்தான தொழில்களை ஒன்றிய அரசு அறிவிக்கை மூலம், ஆள் எண்ணிக்கை பார்க்காமல் சட்டத்துக்குள் கொண்டுவர இந்தத் தொகுப்பில் வழி இருக்கிறது. சிறு பட்டாசு ஆலைகள் அதில் ஒன்றுவிடாமல் வருகின்றனவா என்று கண்காணிப்பது நம் வேலை.

"சட்டம் போட்டாச்சு, இனி என்ன செய்ய?" என்று ஒரு தம்பி கேட்டான். 2023 ஏப்ரல் 21-ஐ நினைவூட்டினோம். 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தத்தைத் தமிழ்நாடு சட்டமன்றம் அன்று நிறைவேற்றியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. பத்தே நாளில், மே தினத்தன்று, திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். 1942 முதல் 1946 வரை வைசிராய் அவையில் தொழிலாளர் துறையைப் பார்த்தவர் பாபாசாகேப் அம்பேத்கர். எட்டு மணி நேர வேலை இந்த நாட்டுக்கு வந்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு. அவரை அரசியல் சட்டத்தோடு மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அவர் தொழிலாளர் சட்டத்தையும் எழுதியவர்.

சாதி எங்கே வருகிறது?

ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது கேட்பார்கள்: "விபத்துல எல்லாச் சாதிக்காரங்களும்தானே சாகுறாங்க?" உண்மைதான். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் சுமார் 40 பேர் இறந்தார்கள். காப்பாற்ற ஓடியவர்களும் வேடிக்கை பார்க்கப் போனவர்களும் அதில் உண்டு. தீ சாதி பார்ப்பதில்லை.

யாரை எந்த அறைக்கு அனுப்புவது என்பதில்தான் சாதி இருக்கிறது. எங்கள் காலனியில் ஆலைக் கணக்கு எழுதப் போனவர் ஒருவரும் இல்லை. மருந்து அறைக்குப் போனவர் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார். வானம் பார்த்த கரிசலில் சொந்தமாக ஒரு குறுக்கம் நிலம்கூட இல்லாதவர்கள், முன்பணம் வாங்கினால் எந்த அறை என்று கேட்க முடியாது. 1899-இல் கோயில் நுழைவு கேட்டதற்காக நாடார்கள் தாக்கப்பட்ட ஊர் சிவகாசி. அவர்கள் பள்ளிக்கூடம் கட்டி, தொழில் கற்று மேலே வந்த வரலாறு எங்களுக்கும் பாடம்தான். அதே ஊரில் அதே மரியாதையை எங்கள் மக்கள் கேட்கும்போது, அந்த வரலாறு தெரிந்தவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

கடைசியாக, எங்கள் தரப்பிலிருந்தும் ஒரு செய்தி. வேதியியல் தங்கையும் அவளுடைய அம்மாவும் சேர்ந்து ஒரு பக்கத் துண்டறிக்கை எழுதியிருக்கிறார்கள். அலுமினியத் தூளில் ஈரம் பட்டால் ஏன் சூடேறும், குளோரேட்டையும் கந்தகத்தையும் சேர்ப்பது ஏன் தடை செய்யப்பட்டது என்று மகள் எழுதினாள். "மீந்த மருந்தை மறுநாளுக்கு வைக்காதே, நனைஞ்ச மணி மருந்தை வெயில்ல காயப்போடச் சொன்னா மறுத்துடு" என்று அம்மா சேர்த்தார். "மறுத்துடுன்னு எழுதினா மட்டும் போதுமா, மறுத்தா மறுநாள் வேலைக்கு யாரு கூப்பிடுவா?" என்று இன்னொரு அக்கா கேட்டார். அதற்கு எங்களிடம் இன்னும் பதில் இல்லை. ஒருவர் மறுத்தால் வேலை போகும், ஓர் அறையே மறுத்தால் என்ன ஆகும் என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் ஊரில் கல்குவாரி இருக்கலாம், தோல் ஷெட் இருக்கலாம், பஞ்சாலை இருக்கலாம். அடுத்து வரும் செய்தியை அங்கே வேலை செய்கிற ஒருவரோடு உட்கார்ந்து வாசியுங்கள். அவர் என்ன கேட்டார் என்று எங்களுக்கு எழுதுங்கள்.

ஜெய் பீம்.