பிந்திச் சாப்பிடும் ஊரில்

“புள்ள சாப்பிடுறாளா, தொழுறாளா, ராவில தனிய திரியிறாளா? இந்த மூணையும் கண்ணால பார்த்துட்டு வா” என்று சொல்லித்தான் ராத்தா என்னை வழியனுப்பினார். என் பெட்டியில் பாதி உடுப்பு. மீதிப் பாதியில் சம்பா அரிசி, கறுவாப்பட்டை, கறித்தூள், காயவைத்த ரம்பை, ஒரு போத்தல் எலுமிச்சை ஊறுகாய்.

ராத்தாவின் மூத்த மகள் 2023 செப்டெம்பரில் ஸ்பெயின் நாட்டின் கிரனாடா நகரத்துக்குப் போனாள். இங்கே பல்கலைக்கழகத்தில் மொழி படித்துக்கொண்டிருந்தவளுக்கு, ஐரோப்பிய ஒன்றியத்தின் இராஸ்மஸ் புலமைப்பரிசிலில் ஒரு கல்வியாண்டை அங்கே கழிக்கும் வாய்ப்பு வந்தது. மாத்தளையை விட்டுப் பத்து நாள் சேர்ந்தாற்போல் இருந்தறியாத பிள்ளை. வாப்பா சம்மதித்தார். உம்மா சம்மதிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. உம்மாமாரின் அந்த நடு நிலைமை நமக்கெல்லாம் தெரிந்ததுதானே.

நான் போய்ச் சேர்ந்தது 2024 மார்ச்சில், ரமழானின் நடுப்பகுதியில். மட்ரிட் நகரத்தில் இறங்கி அங்கிருந்து பஸ்ஸில் ஐந்து மணித்தியாலம். வழி நெடுக ஒலிவ் மரங்கள். நமது மலைநாட்டில் தேயிலையைப் பார்ப்பது போல, கண் போகும் தூரமெல்லாம் வரிசை வரிசையாக ஒலிவ். கடைசியில் பனி மூடிய சியெரா நெவாதா மலைத்தொடர் தெரிந்தது. அதன் ஆக உயர்ந்த சிகரத்துக்கு முலாசென் என்று பெயர். கிரனாடாவின் கடைசி முஸ்லிம் மன்னருடைய தந்தை அபுல் ஹஸனின் பெயர்தான் ஸ்பானியர் நாவில் அப்படித் திரிந்திருக்கிறது. பஸ் நிலையத்தில் என்னைக் கட்டிப்பிடித்தவளின் தோள் எலும்பு என் கன்னத்தில் குத்தியது. ராத்தாவின் முதலாம் கேள்விக்கு அங்கேயே பாதி விடை கிடைத்துவிட்டது.

அவள் தங்கியிருந்தது ஒரு விதவைத் தாயின் வீட்டில், ரெயாலெஹோ என்ற பழைய பகுதியில். முஸ்லிம்களின் ஆட்சிக் காலத்தில் யூதர்கள் குடியிருந்த இடமாம். எழுபது வயதைத் தாண்டிய அந்த அம்மாவுக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் தெரியாது. எனக்கு ஸ்பானியத்தில் ஒரு சொல்லும் தெரியாது. இருவருக்கும் நடுவில் என் ராத்தாவின் மகள் மொழிபெயர்ப்பாளராக நின்றாள். இதனால் வந்த சங்கடத்தைப் பிறகு சொல்கிறேன்.

ஸ்பெயின் என்றால் வெயில் என்றுதான் நாம் நினைக்கிறோம். கிரனாடா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 700 மீற்றர் உயரத்தில், பனிமலையின் காலடியில் இருக்கிறது. குளிர்காலத்தில் நுவரெலியா தோற்றுப்போகும். கல்லால் கட்டிய பழைய வீடுகள் கோடைக்கு ஏற்றவை. குளிர்காலத்தில் தரையே ஐஸ்கட்டிதான். அதற்கு அவர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வட்ட மேசையின் அடியில் ஒரு சூடாக்கி. முன்பு கரித்தணலாக இருந்தது, இப்போது மின்சாரம். மேசைமேல் தரைவரை தொங்கும் தடித்த துணி. எல்லோரும் கால்களைத் துணிக்குள் விட்டுக்கொண்டு அந்த மேசையிலேயே சாப்பிட்டு, படித்து, தைத்து, தொலைக்காட்சி பார்த்து, தூங்கியும் விழுகிறார்கள். முதல் நாள் எனக்குச் சிரிப்பு வந்தது. மூன்றாம் நாள் அந்த மேசையை விட்டு எழும்பவே மனம் வரவில்லை.

ஒரு மாணவியின் நாளில் முதலில் மாறுவது கடிகாரம்தான். அங்கே பகல் சாப்பாடு இரண்டு மணிக்கும் மூன்றரைக்கும் இடையில். இரண்டிலிருந்து ஐந்து வரை சிறு கடைகள் பூட்டிக் கிடக்கும். விரிவுரைகள் இரவு எட்டு, ஒன்பது வரைகூடப் போகும். இராச் சாப்பாடு ஒன்பதரைக்கும் பத்துக்கும். நாம் படுக்கை தட்டும் நேரத்தில் அங்கே கைக்குழந்தையோடு குடும்பங்கள் கடைத்தெருவில் உலாவுகின்றன. இதனால் ராத்தாவின் மூன்றாம் கேள்விக்கும் விடை கிடைத்தது. இரவு ஒன்பதரைக்கு அவள் வகுப்பு முடிந்து வருவது உண்மை. ஆனால் தெருவில் பாட்டிமார் முதல் பள்ளிப்பிள்ளைகள் வரை நடமாடுகிறார்கள். நானும் இரண்டு இரவு அவளோடு நடந்து பார்த்தேன். பயப்படும்படி ஒன்றும் இல்லை, மேட்டு வழியில் என் முழங்காலைத் தவிர.

மொழிபீடம் கார்த்துஹா என்ற குன்றின் மேல் இருக்கிறது. காலையில் பஸ்ஸில் ஏறிப் போய், இரண்டு மணிக்கு மாணவர் உணவகத்துக்குப் போவாள். குறைந்த விலையில் மூன்று வகை உணவு. கிழமைக்கான உணவுப் பட்டியலை முன்கூட்டியே போட்டுவிடுவார்கள் என்பதால், பன்றி இறைச்சி இல்லாத நாட்களைப் பார்த்துக் கொப்பியில் குறித்து வைத்திருந்தாள். நோன்பு மாதத்தில் உணவைப் பொதியாக எடுத்துக்கொண்டு வந்து இப்தாருக்கு வைத்துக்கொண்டாள். பரீட்சைப் புள்ளிகள் பத்துக்கு. ஐந்து எடுத்தால் சித்தி. “பத்துக்கு எட்டு எடுத்தேன் என்றால் உம்மா மிச்ச ரெண்டு எங்கே என்று கேட்பாங்க சாச்சி. இங்கே எட்டு எடுத்தவளைத் தெருவில் நிப்பாட்டிப் பாராட்டுறாங்க” என்று சிரித்தாள்.

உணவு விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நமது பிள்ளைகள் எங்கே போனாலும் முதலில் இடறுவது அங்கேதான். கிரனாடாவில் ஒரு பானம் வாங்கினால் கூடவே ஒரு சிறு தட்டு உணவு இலவசமாக வரும். தாபா என்பார்கள். வறிய மாணவர்கள் பலர் இரவு உணவையே இப்படி முடித்துக்கொள்கிறார்கள். என் ராத்தாவின் மகளும் வந்த புதிதில் தோழிகளோடு போய்த் தோடம்பழச் சாறு கேட்டு, “இறைச்சி வேண்டாம்” என்று படித்த ஸ்பானியத்தில் தெளிவாகச் சொல்லியிருக்கிறாள். வந்தது அவரைக்கொட்டை வறுவல். உள்ளே சிறு சிறு சிவப்புத் துண்டுகள். கேட்டதற்குப் பரிமாறியவர், “இது இறைச்சி இல்லையே, ஹாமோன்தானே” என்றாராம். உப்பில் பதப்படுத்திய பன்றித் தொடை! அவர் கேலி செய்யவில்லை. அவர்களுக்கு அது இறைச்சிக் கணக்கில் வருவதில்லை, நமக்கு மாசித் துண்டு மீன் கணக்கில் வராதது போல. அன்றிலிருந்து “இறைச்சி வேண்டாம்” என்பதை விட்டு, “பன்றி வேண்டாம், ஹாமோனும் வேண்டாம்” என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லப் பழகினாள். நத்தார் காலத்தில் வீட்டுக்கார அம்மா அன்போடு கொடுத்த மாப்பண்டத்திலும் பன்றிக் கொழுப்பு இருந்தது. வெளிநாட்டில் பிள்ளை படிக்கும் சகோதரிகள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: இறைச்சியை மட்டும் கேட்டால் போதாது, பிஸ்கட்டையும் கேட்க வேண்டும். ஹலால் இறைச்சிக்குக் குறைவில்லை; மொரோக்கோ நாட்டவர்களின் கடைகள் இருக்கின்றன.

மொழி கற்பதில் அவளுக்கு ஒரு கள்ள வழி கிடைத்திருந்தது. சீனிக்கு அஸூகார், எண்ணெய்க்கு அஸெய்தே, தலையணைக்கு அல்மோவாதா. எல்லாம் அரபு வேர்கள். ஏதாவது நடக்க வேண்டுமென்று ஆசைப்படும்போது ஸ்பானியர் “ஒஹலா” என்கிறார்கள். அல்லாஹ் நாடினால் என்ற அரபு வாக்கியத்திலிருந்து வந்த சொல் அது. அந்த வீட்டு அம்மா மழை நிற்பதற்கும் பஸ் வருவதற்கும் ஒஹலா சொல்லிக்கொண்டிருந்தார். புத்தக ஸ்பானியம் படித்துப் போனவளுக்கு ஊரவர்கள் சொல்லின் கடைசி எழுத்தை விழுங்கிப் பேசுவது ஆரம்பத்தில் புரியவே இல்லையாம். முதலில் புரிந்த சொல் “இஹா”. மகளே என்று பொருள். நாம் யார் வீட்டுப் பிள்ளையையும் மகள் என்று கூப்பிடுவது போல அந்த ஊர்ப் பெண்களும் கூப்பிடுகிறார்கள்.

அல்ஹம்றா மாளிகையைப் பற்றியும் 1492 பற்றியும் நீங்கள் நிறையவே வாசித்திருப்பீர்கள். நான் வேறொரு கட்டடத்தைச் சொல்கிறேன். நகர நடுவில், அரச தேவாலயத்துக்கு எதிரே, சுல்தான் முதலாம் யூசுப் 1349இல் நிறுவிய மத்ரஸா இருக்கிறது. நகரம் கைமாறிய பின் அது நகர சபைக் கட்டடமாயிற்று. அதன் தொழுகை அறை பூச்சுக்குள் மறைந்து கிடந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் மீண்டும் வெளிப்பட்டது. இன்று கட்டடம் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தம். பல்கலைக்கழகம் 1531இல் தொடங்கியது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதே ஊரில் அதற்கு ஏறக்குறைய இருநூறு வருடம் முந்திய கல்விக்கூடம் அவர்கள் கையிலேயே இருக்கிறது. “வீட்டு ஞாபகம் வந்தால் இங்கே வந்து நிற்பேன்” என்றாள். மிஹ்றாபின் முன்னால் அல்ல, ஒரு மூலையில்.

தொழுகைக்கு அவள் போவது அல்பைசின் குன்றின் மேலுள்ள பள்ளிவாசலுக்கு. 2003இல் திறக்கப்பட்டது. நிலம் வாங்கியதற்கும் திறந்ததற்கும் இடையில் இருபது வருடத்துக்கும் மேல் போராட்டம். நடத்துகிறவர்களில் பலர் ஸ்பானியராகப் பிறந்து இஸ்லாத்துக்கு வந்தவர்கள். மினாராவில் ஒலிபெருக்கி கிடையாது. முஅத்தின் மேலே ஏறி வெறும் குரலில் பாங்கு சொல்கிறார். தோட்டத்துக்கு அப்பால், பள்ளத்தாக்கின் மறுகரையில் அல்ஹம்றா சிவந்துகொண்டிருக்க, பக்கத்து மேடையில் யாரோ கிற்றார் வாசிக்க, அந்தக் குரலைக் கேட்டு ஈத்தம்பழத்தை வாயில் வைத்தேன். பெண்கள் பக்கத்தில் மொரோக்கோ மாணவிகள் ஹரீரா சூப்பை ஊற்றித் தந்தார்கள். நம் நோன்புக் கஞ்சிக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம்.

அந்த ரமழானின் நடுப்பகுதி அவர்களுடைய பரிசுத்த வாரத்தோடு சேர்ந்து வந்தது. ஊர்வலங்கள் பலவற்றை மழை நிறுத்திவிட்டது. மார்ச் 31ஆம் திகதி அதிகாலை ஐரோப்பாவின் பெரும்பகுதியில் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினார்கள். முதல் நாள் ஏழரை தாண்டித் திறந்த நோன்பு, மறுநாள் எட்டரை தாண்டித்தான்! வீட்டுக்கார அம்மா அந்தக் கிழமையில் செய்யும் பலகாரம் ‘தொர்ரிஹா’. பாணைப் பாலில் ஊறவைத்து, முட்டையில் தோய்த்துப் பொரித்து, சீனியும் கறுவாத்தூளும் தூவுவது. நமது பொம்பே டோஸ்ட்தான். அவர் மாலையில் ஒரு தட்டை மூடி வைத்துவிட்டு, எங்களோடு தானும் சாப்பிடாமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

அன்றிரவு மேசைத் துணிக்குள் கால் விட்டபடி அந்த அம்மா என்னிடம் நீளமாக ஏதோ சொன்னார். என் ராத்தாவின் மகள் திருப்பிச் சொன்னாள்: “தொர்ரிஹா பிடிச்சிருக்கா என்று கேட்கிறாங்க.” அவ்வளவு நீளமான பேச்சுக்கு இவ்வளவு சின்னக் கேள்வியா? நடுவில் ‘ஒஸ்பித்தால்’ என்று ஒரு சொல் என் காதில் விழுந்திருந்தது. அதற்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை.

“மகள், யாரு ஹொஸ்பிட்டல்ல இருந்தது?”

முதலில் அழுகைதான் வந்தது. ஜனவரியில் பரீட்சைக் காலம். குளிர் அறையில் இரவிரவாகப் படிப்பு. சமைக்க நேரமில்லை, சோடா பிஸ்கட்டும் தேநீரும். காய்ச்சல் முற்றி மூச்செடுக்க முடியாமல் போனபோது, இந்த அம்மா தன் கோட்டைப் போர்த்தி வாடகைக் காரில் கொண்டுபோயிருக்கிறார். நிமோனியாவின் ஆரம்பம். ஓர் இரவு முழுவதும் கதிரையில் இருந்திருக்கிறார். வந்த பின் ஒரு கிழமை பூண்டும் பாணும் முட்டையும் போட்ட சூப் காய்ச்சிக் கொடுத்திருக்கிறார், ஹாமோன் போடாமல். “ஹாமோன் இல்லாமல் இது ஒரு சூப்பா என்று ஒவ்வொரு நாளும் ஏசிக்கொண்டே காய்ச்சினாங்க சாச்சி.” வீட்டுக்கு அவள் அனுப்பியது, படிப்பு அதிகம், பிறகு பேசுகிறேன் என்ற இரண்டு வரித் தகவல்.

“உம்மாக்குச் சொல்லாதீங்க. சொன்னா அடுத்த வருஷம் விடமாட்டாங்க.” அங்கேயே முதுமாணிப் படிப்புக்கு விண்ணப்பித்திருப்பதை அப்போதுதான் சொன்னாள்.

நான் உறுதி கொடுக்கவில்லை. ராத்தாவிடம் நானாகச் சொல்லவும் மனமில்லை. ஒன்று மட்டும் சொன்னேன்: “நான் போறதுக்கு முந்தி நீயே சொல்லு. என்ட வாயால உம்மா கேட்கக் கூடாது.”

பத்து நாள் கடந்தது. ஏப்ரல் 10இல் பெருநாள். காலையில் தொழுகை, பன்னிரண்டரைக்கு விரிவுரை. புது உடுப்போடே வகுப்புக்குப் போய்விட்டு வந்தாள். நான் சம்பா அரிசியில் நெய்ச்சோறு ஆக்கினேன். அந்த அம்மா ரம்பையை முகர்ந்து பார்த்து, இலையைச் சாப்பிடலாமா என்று கேட்டார். ஊறுகாயைச் சாப்பிட்டுக் கண்ணீர் விட்டார். பிறகும் கேட்டார்.

நான் புறப்படும் முதல் நாள் இரவு, ராத்தா தொலைபேசி எடுத்தார். அங்கே பன்னிரண்டு மணி. மாத்தளையில் அதிகாலை மூன்றரை. நித்திரை வரவில்லையாம். மகள் தொலைபேசியை வாங்கி, ஒரே மூச்சில் ஜனவரியைச் சொல்லி முடித்தாள். மறுபக்கத்தில் சத்தமில்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நான் எட்டிப் பார்த்தேன்.

“அந்தப் பொம்புள ஒனக்கு என்ன காய்ச்சித் தந்தா?” என்று கேட்டார் ராத்தா.

பூண்டு சூப் என்றாள். எப்படிக் காய்ச்சுவது என்று ராத்தா கேட்டார். அவள் சொன்னாள். எத்தனை பல் பூண்டு என்பதைக் கேட்பதற்காக வீட்டுக்கார அம்மாவை எழுப்ப வேண்டியதாயிற்று. ஆறு பல்.

முதுமாணிப் படிப்பைப் பற்றி ராத்தா அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. மிச்சமிருந்த அரிசியையும் கறுவாப்பட்டையையும் திருப்பிக் கொண்டுவர வேண்டாம், அந்த அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு வா என்று மட்டும் என்னிடம் சொன்னார்.