எத்தனை ஹெச்.பி வேணும்?

பைக் வாங்கினவனைப் பார்த்தா முதல்ல "எத்தனை சி.சி?" என்று கேட்போம். கடற்கரையில் புது இன்ஜின் இறங்கினால் கேட்கும் கேள்வி "எத்தனை ஹெச்.பி?" பெரிய நம்பர் சொல்கிறவருக்குத் தனி மரியாதை! ஆனால் பி.காம் படிக்கிறவனுக்கு ஒரு வியாதி உண்டு. எந்த நம்பரைப் பார்த்தாலும் பக்கத்தில் ரூபாய் போட்டுப் பார்த்தால்தான் தூக்கம் வரும். இந்தப் பதிவும் அப்படி வந்ததுதான்.

எங்க சித்தப்பாவுக்கு நாகப்பட்டினம் பக்கத்தில் ஒரு பைபர் படகு இருக்கிறது. அதன் பழைய 10 ஹெச்.பி இன்ஜின் பாதிநாள் மெக்கானிக் வீட்டில்தான் இருந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. பைபர் படகு பிடித்து வரும் மீனுக்கு அப்போதுதான் நல்ல விலை. அதற்குள் புது இன்ஜின் இறக்கியாக வேண்டும். கையில் காசு இல்லை, கடன்தான்.

அண்ணன், அதாவது சித்தப்பா பையன், 25 ஹெச்.பி-க்குக் குறைந்து வேண்டாம் என்றான். சித்தப்பா 10 போதும் என்றார். இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளாத அளவுக்குப் போய்விட்டது. கடைசியில் சித்தப்பா என்னிடம், "நீ கணக்குப் படிக்கிறவன்தானே தம்பி, போட்டுச் சொல்லு" என்றார். சரி, போட்டுப் பார்த்துவிடுவோம்.

முதலில் எல்லாரும் நினைக்கிற ஒரு விஷயம். 10 ஹெச்.பி-க்குப் பதில் 25 ஹெச்.பி மாட்டினால் வேகம் இரண்டரை மடங்கு ஆகுமா? ஆகாது. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகிற படகுக்குத் தேவையான சக்தி, ஏறக்குறைய வேகத்தின் கனத்துக்கு ஏற்பக் கூடும். வேகத்தை இரட்டிப்பாக்க எட்டு மடங்கு சக்தி வேண்டும். அப்படிப் பார்த்தால் இரண்டரை மடங்கு இன்ஜின் கொடுக்கும் வேகம் வெறும் 1.36 மடங்கு.

அதுவும் ஏட்டுக்கணக்குதான். படகு ஓடும்போது தானே ஒரு அலையை எழுப்புகிறது. வேகம் கூடக்கூட அந்த அலை நீண்டு, படகின் நீளத்துக்குச் சமமாகிவிடும். அதற்கு மேல் போவது மேட்டில் ஏறுவது மாதிரி. தண்ணீரில் அமரும் நீளம் 25 அடி என்றால் அந்த எல்லை சுமார் 6.7 நாட், அதாவது மணிக்கு 12 கிலோமீட்டர் சொச்சம். படகு லேசாக இருந்தால் பெரிய இன்ஜின் அதைத் தூக்கி நீர்மேல் ஓடவிடும். வலை, ஐஸ், ஆட்கள், மீன் எல்லாம் ஏற்றிய படகுக்கு அந்தக் கொடுப்பினை லேசில் கிடைக்காது.

இப்போது காசுக்கு வருவோம். நம்பரெல்லாம் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. உங்க ஊருக்கு ஏற்ப மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

கரையிலிருந்து 10 கடல் மைல் போய்த் திரும்ப வேண்டும். 5 நாட் வேகத்தில் போக 2 மணி, வர 2 மணி. எரிபொருள் 10 லிட்டர். அதையே 6 நாட்டில் ஓட்டினால் ஒவ்வொரு பக்கமும் 20 நிமிடம் மிச்சம். ஆனால் சக்தி 73 சதவீதம் கூடுதலாக வேண்டும். நேரம் குறைவதைக் கழித்துப் பார்த்தாலும் எரிபொருள் 44 சதவீதம் கூடுகிறது. 10 லிட்டர் 14.4 லிட்டர் ஆகிவிடும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால், 40 நிமிடத்தின் விலை 440 ரூபாய். வகுப்பில் "இறுதிநிலைச் செலவு" என்று மனப்பாடம் செய்தோமே, அது இதுதான். கடைசி ஒரு நாட்தான் எப்போதும் விலை கூடியது.

இந்த 440 ரூபாயை யார் கொடுப்பது? இங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்க பக்கம் மீன் விற்ற காசில் முதலில் எண்ணெய்ச் செலவைக் கழிப்பார்கள். மீதியைத்தான் பங்கு போடுவார்கள். 4 ஆளுக்கு 4 பங்கு, படகுக்கும் இன்ஜினுக்கும் 2 பங்கு என்று வைப்போம். அன்றைய பாடு 7,000 ரூபாய். 5 நாட்டில் போய் வந்தால் ஒரு பங்கு 1,000 ரூபாய். 6 நாட்டில் போனால் 927 ரூபாய். மாதம் 25 நாள் கடலுக்குப் போனால் ஒரு ஆளுக்கு 1,800 ரூபாய்க்கு மேல் போச்சு. இன்ஜினைத் தேர்ந்தெடுப்பது படகுக்காரர், அதற்கு எண்ணெய் ஊற்றுவது எல்லாரும்! வலை இழுக்க வரும் ஆள்களிடம் யாரும் "எத்தனை ஹெச்.பி வேணும்?" என்று கேட்பதில்லை.

அண்ணன் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. முதலில் கரை சேர்கிற படகுக்குத்தான் ஏலத்தில் நல்ல விலை. சரி, அதையும் கணக்கில் சேர்ப்போம். வேகம் தேவைப்படுவது திரும்பும்போது மட்டும்தான். போகும்போது நிதானமாகப் போய், வரும்போது மட்டும் விரட்டினால் கூடுதல் செலவு 220 ரூபாய். 20 நிமிடம் தாமதித்தால் விலை 3 சதவீதத்துக்கு மேல் இறங்கும் என்றால் விரட்டுவது லாபம். இல்லையென்றால் வேண்டாம். இந்த வேகத்துக்கு 10 ஹெச்.பி-யே ஈடுகொடுக்கும்.

அடுத்தது பாதுகாப்பு. எதிர்நீரோட்டம் 2 நாட் இருந்தால் 5 நாட் படகு கரையை நோக்கி 3 நாட்தான் நகரும். 2 மணி நேர வழி 3 மணி 20 நிமிடம் ஆகும். ஆகவே அன்றாடம் ஓட்டும் வேகத்துக்கு மேலே கொஞ்சம் சக்தி கையிருப்பு அவசியம். எரிபொருளிலும் போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, ஆபத்துக்கு ஒரு பங்கு வைத்துக்கொள்வது நல்லது. 20, 30 கடல் மைல் போகிறவர்களுக்குப் பெரிய இன்ஜின் தேவைதான். சித்தப்பா போவது 10 மைலுக்குள்.

எடையையும் மறக்கக் கூடாது. 10 ஹெச்.பி இன்ஜின் சுமார் 40 கிலோ. 25 ஹெச்.பி 50 கிலோவைத் தாண்டும். மணலில் தோளில் சுமப்பவருக்கு அந்தப் பத்து கிலோ தெரியும்.

அமெரிக்க ஏரிகளில் தூண்டில்காரர்கள் ட்ரோலிங் மோட்டார் என்று பேட்டரியில் ஓடும் சின்ன மோட்டார் வைத்திருக்கிறார்கள். அதை ஹெச்.பி-யில் கேட்பதில்லை, தள்ளுவிசையில் கேட்கிறார்கள். சரக்கோடு சேர்த்துப் படகின் எடையில் 100 பவுண்டுக்கு 2 பவுண்டு தள்ளுவிசை என்பது அவர்கள் வாய்ப்பாடு. 2 டன் படகுக்கு 88 பவுண்டு வரும். 36 வோல்ட், 112 பவுண்டு மோட்டார் ஒன்றை வைத்துப் பார்ப்போம். முழு வேகத்தில் 52 ஆம்பியர் இழுக்கும், அதாவது வெறும் இரண்டரை ஹெச்.பி. 100 ஆம்பியர்-மணி பேட்டரிகள் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. நம்ம கடலுக்கு அது ஆகாது. ஆனால் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி எனக்குப் பிடித்திருக்கிறது: "உன் படகு எவ்வளவு கனம்?"

ஒரு முழுத் தாளில் இதையெல்லாம் எழுதிக் கொடுத்தேன். 10 ஹெச்.பி இன்ஜினே வந்தது. கடன் குறைந்ததில் மிஞ்சிய காசில் பழைய இன்ஜினைச் சரிபார்த்து, படகில் உபரியாக ஏற்றிக்கொள்கிறார்கள். நடுக்கடலில் ஒன்று நின்றால் இன்னொன்று இருக்கும். அண்ணனுக்கு இன்னும் முழு சமாதானம் இல்லை. ஆனால் உபரி இன்ஜின் யோசனை அவனுடையதுதான்.

இன்ஜின் வாங்கப் போகிற யாருக்கும் நான் சொல்வது இவ்வளவுதான். எவ்வளவு தூரம், எவ்வளவு பாரம், எதிர்நீரோட்டத்தில் எவ்வளவு நேரம், எத்தனை பேர் பங்கு? இந்த நாலையும் முதலில் எழுதுங்கள். ஹெச்.பி-யைக் கடைசியில் எழுதினால் போதும்.