பூநாரை வந்தாச்சா?

கோடியக்கரைக்குப் போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் உடனே வருகிற கேள்வி இதுதான். வேதாரண்யம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து டீக்கடையில், என் கழுத்தில் தொங்கிய பைனாகுலரைப் பார்த்ததுமே கடைக்காரர் கேட்டுவிட்டார்: "பூநாரை வந்தாச்சா தம்பி?" தை பிறந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. வாடைக்காற்றில் காது சில்லிட்டது. "போய்ப் பார்த்தாத்தான் தெரியும்ணே" என்றேன். "தண்ணி நிறைய நிக்கிதுன்னாங்க" என்று அவரே சொல்லிவிட்டு அடுத்த டீயை ஆற்றத் தொடங்கினார். பூநாரையையும் தண்ணீரையும் ஒரே மூச்சில் பேசிய அந்த மனிதர் விஷயம் தெரிந்தவர். அன்று பகல் முழுக்க நடந்ததில் நான் கண்டதும் இந்த இரண்டுக்கும் உள்ள தொடர்பைத்தான்.

வேதாரண்யத்திலிருந்து தெற்கே சுமார் 10 கிலோமீட்டர். ஊரைத் தாண்டியதும் அகஸ்தியம்பள்ளி உப்பளங்கள். 1930 ஏப்ரல் 30 அன்று ராஜாஜி தடையை மீறி உப்பு அள்ளியது இங்கேதான், நினைவுத்தூண் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழை பாத்திகளில் இன்னும் வடியவில்லை. ஒரு பக்கம் ஆட்கள் வரப்பைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மறுபக்கம் தண்ணீர் நின்ற பாத்திகளில் நெடுங்கால் உள்ளான்கள், சிவந்த காலை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்து மேய்ந்துகொண்டிருந்தன. மண்வெட்டிச் சத்தம் அவற்றை ஒன்றும் செய்யவில்லை.

இந்த இடத்தின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். நாகப்பட்டினத்திலிருந்து நேர் தெற்கே இறங்கி வரும் கடற்கரை, கோடியக்கரையில் சட்டென்று மேற்கே திரும்புகிறது. கிழக்கே வங்கக்கடல், தெற்கே பாக் நீரிணை. அந்தத் திருப்பத்தின் உள்பக்கம் மேற்கே முத்துப்பேட்டை வரைக்கும் விரிந்து கிடப்பது வேதாரண்யம் சதுப்பு நிலம். காவிரியின் கடைசிக் கிளைகளான கோரையாறும் பாமணியாறும் கிளைதாங்கியாறும் முத்துப்பேட்டை காயலில் வந்து கலக்கின்றன. காயலைச் சுற்றி அலையாத்திக் காடு. அதாவது குடகில் புறப்பட்ட தண்ணீரில் மிச்சம் மீதி வந்து சேரும் கடைமடைக்கும் கடைமடை இது. 1967இல் வெளிமானுக்காகக் கோடியக்கரைச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 2002 ஆகஸ்டில் சதுப்பு நிலமும் அலையாத்திக் காடும் சேர்த்து 38,500 ஹெக்டேர், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் ஏறியது. தமிழ்நாட்டின் முதல் ராம்சார் இடம். அடுத்த 20 ஆண்டுகள் மாநிலத்துக்கு அது ஒன்றுதான் இருந்தது.

வனத்துறையில் அனுமதி வாங்கியபின் என்னோடு ஒரு காவலர் வந்தார். உள்ளூர்க்காரர், ஐம்பதைத் தாண்டியவர். பறவைப் பெயரை அவர் சொல்லிக் கேட்பது தனி சுகம். எதையும் காட்டுவதற்குக் கையை நீட்ட மாட்டார். முகவாயை லேசாகத் தூக்குவார், அவ்வளவுதான். "கைய நீட்டினா எந்திரிச்சிரும் தம்பி."

முதலில் முனியப்பன் ஏரி. இது மழைத் தண்ணீர் தேங்கும் ஆழமில்லாத ஏரி. ஊசிவால் வாத்துகள் நடுத்தண்ணீரில் கூட்டமாக மிதந்தன. சில தலையைக் கவிழ்த்து வாலை மட்டும் வானத்துக்குக் காட்டின. கரையோரம் கரண்டிவாயன்கள் வரிசை கட்டி, அலகைப் பக்கத்துக்குப் பக்கம் வீசிக்கொண்டே நடந்தன. அதற்கு மேல் அங்கே நிற்க மனமில்லை. சேறு இன்னும் மேற்கே இருந்தது.

சேற்றுவெளியை முதன்முதலில் பார்ப்பவருக்கு ஏமாற்றமாக இருக்கலாம். மரம் இல்லை, நிழல் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் சாம்பல் நிறத்தில் ஈரம். விளிம்பில் உமரிச் செடி செக்கச் சிவந்து படர்ந்திருக்கும், அதுதான் ஒரே நிறம். இந்தக் கரையில் கடல் ஏற்ற இறக்கம் மிகக் குறைவு. ஒரு மீட்டர்கூடக் கிடையாது. காற்று எந்தப் பக்கமிருந்து தள்ளுகிறதோ அதைப் பொறுத்துத் தண்ணீர் ஒரு பக்கம் ஏறும், இன்னொரு பக்கம் சேறு வெளியே தெரியும். பறவைகளும் அதன் பின்னாலேயே இடம் மாறும். நேற்று பார்த்த இடத்தில் இன்று ஒன்றும் இருக்காது என்றார் காவலர்.

நாங்கள் போனபோது சேறு கிட்டத்தட்ட நகர்வதுபோல் தெரிந்தது. பைனாகுலரை வைத்ததும்தான் புரிந்தது, அத்தனையும் கொசு உள்ளான்கள். ஒவ்வொன்றும் 20, 30 கிராம் எடைதான் இருக்கும். ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டிய பனிச் சமவெளியில் ஆனி, ஆடி மாதங்களில் குஞ்சு பொரித்துவிட்டு, மத்திய ஆசியாவைத் தாண்டி இந்தச் சேற்றைத் தேடி வருகின்றன. நிற்பதே இல்லை. நாலு அடி ஓட்டம், கொத்து, மறுபடி ஓட்டம். அவற்றுக்கு நடுவில் பட்டாணி உப்புக்கொத்திகள் நின்று நிதானித்துப் பார்த்து ஓடின. கொஞ்சம் தள்ளி, தண்ணீர் ஏறிய இடத்தில் பவளக்காலிகள். அதற்கும் அப்பால் வயிறு நனைய நின்ற கருவால் மூக்கன்கள் அலகை முழுதாக உள்ளே விட்டு எதையோ உருவிக்கொண்டிருந்தன. தனியே ஒரு கோட்டான், கிட்டத்தட்ட அரை அடி நீள வளைந்த மூக்கோடு, யாரோடும் சேராமல் மேய்ந்தது.

காவலர் வரப்பு ஓரம் குந்தி, ஒரு கை சேற்றை அள்ளித் தன் உள்ளங்கையில் பரப்பிக் காட்டினார். மேலே மயிரிழை கனத்துக்குப் பச்சைப் பாசி. அடியில் கருத்த சேறு, அழுகிய முட்டை வாடை. அவர் விரலால் மெல்ல வழித்தபோது சிவப்பு நூல் துண்டுகள் போல் நெளிந்தன, புழுக்கள். எள்ளளவு நத்தைகள் இரண்டு. கண்ணாடி போன்ற ஒரு இறால் குஞ்சு துள்ளி விழுந்தது. "இதத் தின்னுட்டுத்தான் தம்பி ரஷ்யாவுக்குப் போவுது" என்றார். வெறும் பேச்சில்லை. மார்கழி, தை, மாசி மூன்று மாதமும் தின்று உடம்பில் கொழுப்பு ஏற்றிக்கொண்டால்தான் பங்குனி, சித்திரையில் திரும்பிப் பறக்க முடியும். கொழுப்பு ஏறாத பறவை வழியில் விழும்.

அந்தக் கைச் சேற்றைப் பார்த்தபிறகு இந்த இடத்தின் கணக்கு விளங்கிவிடுகிறது. மேல் சேற்றில் இருப்பதைக் குட்டை அலகு எடுக்கிறது, ஆழத்தில் இருப்பதை நீள அலகு எடுக்கிறது. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரு தண்ணீர் மட்டம் வேண்டும். இரண்டு விரல் ஆழத்துக்கு மேல் நின்றால் கொசு உள்ளானுக்கு அங்கே வேலையில்லை. ஒரேயடியாகக் காய்ந்தால் புழு செத்துவிடும், யாருக்குமே வேலையில்லை. உப்பும் அப்படித்தான். ஆற்று நீர் வந்து கலக்கும்வரை சேற்றில் பலவகை உயிர்கள் இருக்கும். உப்பு ஏற ஏற ஒவ்வொன்றாக விலகி, கடைசியில் ஒன்றிரண்டு வகைதான் மிஞ்சும்.

பேசிக்கொண்டிருக்கும்போதே மொத்தக் கூட்டமும் எழுந்தது. சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று தாழப் பறந்து வந்துகொண்டிருந்தது. கூட்டம் ஒரு பக்கம் திரும்பினால் பழுப்பு, மறுபக்கம் திரும்பினால் வெள்ளை. ஒன்றோடொன்று மோதவில்லை. பருந்து போனதும் இறங்கி, இறங்கிய நொடியிலேயே மேயத் தொடங்கிவிட்டன. வீணாக்க நேரமில்லாத வாழ்க்கை.

டெலஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு பவளக்காலியின் காலில் வெள்ளி மாதிரி ஏதோ மின்னியது. வளையம்! எண் தெரியவில்லை. பாம்பே இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாகக் கோடியக்கரையில் பறவைகளைப் பிடித்து வளையமிட்டு விட்டுவருகிறது. இந்த வேலை நாட்டில் பெரிய அளவில் தொடங்கியதற்குப் பின்னால் ஒரு நோய் இருக்கிறது. 1957இல் இன்றைய கர்நாடகத்தின் சிவமொக்கா பக்கம் கியாசனூர்க் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன, மனிதர்களுக்கும் காய்ச்சல் பரவியது. அந்தக் கிருமி ரஷ்யக் காடுகளில் இருந்த ஒரு கிருமியை ஒத்திருந்தது. வலசைப் பறவைகள் உண்ணிகளைச் சுமந்து வந்திருக்குமோ என்று சந்தேகம் எழுந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு பறவையியலாளர் சாலிம் அலி தலைமையில் பறவைகளுக்கு வளையமிடும் பெரும் பணி தொடங்கியது. பறவைகள் மேல் விழுந்த சந்தேகம் நிரூபணமாகவில்லை. ஆனால் எந்தப் பறவை எங்கிருந்து எங்கே போகிறது என்ற அறிவு அந்த வளையங்களால் நமக்குக் கிடைத்தது. பிடிப்பதற்குப் பீகாரிலிருந்து பரம்பரைப் பறவை பிடிப்பவர்கள் வந்தார்கள். விற்பதற்காகக் கண்ணி வைத்த குடும்பங்களின் கைத்திறன், ஒரு இறகும் உதிராமல் பறவையைப் பிடித்து விடுகிற ஆய்வுக்குப் பயன்பட்டது. இதை நான் மிகப் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

1980களில் இங்கே வேலை பார்த்த ஆய்வாளர்கள் நீர்ப்பறவைகளை லட்சக்கணக்கில் குறித்து வைத்தார்கள். அந்தக் கூட்டம் இன்று இல்லை. "நான் சின்னப் பையனா இருந்தப்ப இதுங்க எந்திரிச்சா வெயில் மறைஞ்சிரும்" என்றார் காவலர். அவர் மிகைப்படுத்துகிறவர் இல்லை. 1934இல் மேட்டூர் அணை வந்தது முதல் கடைமடைக்கு வரும் தண்ணீர் குறைந்துகொண்டேதான் போகிறது. கடலுக்குப் போகும் தண்ணீர் வீண் என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். அந்த வீண் தண்ணீர்தான் முத்துப்பேட்டையில் இறாலையும் நண்டையும் வளர்க்கிறது, மீனவர் வீட்டில் உலை வைக்கிறது, இந்தச் சேற்றில் புழுவை உயிரோடு வைத்திருக்கிறது. இன்னொரு பக்கம் உப்பளம் விரிந்திருக்கிறது. உப்பளத்தையே பகையாகச் சொல்லிவிட முடியாது. கடல்நீரை முதலில் தேக்கும் பெரிய தேக்கங்களில் பறவைகள் மேயத்தான் செய்கின்றன. உப்பு விளையும் கடைசிப் பாத்திகளில் ஒன்றும் கிடையாது. சதுப்பு நிலம் எவ்வளவு அப்படிப் பாத்தியாகிறதோ, அவ்வளவும் பறவைக்கு இழப்பு. கரையோரம் சீமைக் கருவேலம் வேறு ஏறிவந்துகொண்டிருக்கிறது.

பூநாரையைப் பிற்பகலில்தான் பார்த்தோம். நெடுந்திட்டுப் பக்கம், வெகு தூரத்தில், கானலுக்குள் ஒரு வெள்ளைக் கோடு. கிட்டே போக வழியில்லை, போகவும் கூடாது. டெலஸ்கோப்பில் சில நூறு இருக்கும். குஞ்சுப் பருவம் தாண்டாதவை சாம்பல் நிறத்தில் இருந்தன. வயது ஏற ஏறத்தான், தின்னும் பாசியிலும் உப்புநீர் இறாலிலும் இருக்கும் நிறமி இறகில் ஏறி ரோஜா நிறம் வரும். தலையைக் கவிழ்த்து, மேலலகு கீழே இருக்கும்படி தண்ணீருக்குள் வைத்து, நாக்கால் தண்ணீரை இழுத்து இழுத்து வெளியே தள்ளுகின்றன. அலகின் ஓரச் சீப்பில் தீனி தங்கிவிடும். அரிசியில் கல் அரிப்பதுபோல் அத்தனை பொறுமையான வேலை. இந்தியாவில் இவை முக்கியமாகக் குஞ்சு பொரிப்பது கட்ச் வளைகுடாவுக்கு அப்பால், பெரிய ராணில். முழங்கால் ஆழத் தண்ணீர் இருக்கும்வரை இங்கே இருக்கும், மாறினால் கிளம்பிவிடும்.

திரும்பும் வழியில் பாலை மரக் காட்டுக்குள் கொஞ்ச தூரம் நடந்தோம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் சாய்த்த மரங்களின் அடிக்கட்டைகள் இன்னும் கிடக்கின்றன. இந்தக் காடும் வலசைக்கு முக்கியம். இலங்கைக்குப் போகும் காட்டுப் பறவைகளுக்குக் கடலைத் தாண்டுமுன் கடைசித் தங்கல் இது. ஆறுமணிக்குருவி புரட்டாசி, ஐப்பசியில் இங்கே இறங்கி இளைப்பாறிவிட்டுப் போகும். நாங்கள் போனபோது அதன் காலம் முடிந்திருந்தது. திறந்த புல்வெளியில் வெளிமான் கூட்டம் ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தது.

கடற்கரையில் சீசன் மீனவர்களின் கொட்டகைகள். மழைக்காலம் முதல் பல ஊர்க்காரர்கள் வந்து தங்கிக் கடலுக்குப் போவார்கள். வலையை உதறும் இடத்தில் பழுப்புத்தலைக் கடற்காகங்கள் கூச்சலிட்டு மொய்த்தன. வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், முன்பு ஒருமுறை வலையில் கால்வளையத்தோடு ஒரு ஆலா கிடந்ததாகவும், என்ன செய்வது என்று தெரியாமல் வளையத்தைக் கழற்றிப் பேரனிடம் விளையாடக் கொடுத்துவிட்டதாகவும் சொன்னார். அந்த எண் எந்த நாட்டில் பொறித்ததோ.

கடலோரத்தில் இருப்பவர்களும், கார்த்திகை முதல் மாசி வரை பறவை பார்க்கப் போகிறவர்களும் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். செத்த பறவையின் காலில் வளையம் கண்டால் அதில் உள்ள எழுத்தையும் எண்ணையும் ஒன்றுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள், ஒரு படமும் எடுங்கள். நாள், இடம் சேர்த்து அருகிலுள்ள வனத்துறை அலுவலகத்துக்கோ பாம்பே இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கோ தெரிவியுங்கள். உயிரோடு சிக்கிய பறவை என்றால் எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு, வளையத்தைக் கழற்றாமல் விட்டுவிடுங்கள்.