ஈப்போவில் ஒரு நாள் பசியாற

கோலாலம்பூர் சென்ட்ரலில் மின்ரயில் ஏறினால் ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் ஈப்போ வந்துவிடும். 2010இல் இந்த ரயில் ஓடத் தொடங்கிய பிறகு ஊருக்குப் புது வகை விருந்தாளிகள் வருகிறார்கள். தைப்பூசத்துக்கோ கல்யாணத்துக்கோ வந்து உறவினர் வீட்டில் தங்குகிறவர்கள் வேறு. இவர்கள் சாப்பிடுவதற்கென்றே காலையில் வந்து இரவில் திரும்புகிறவர்கள். கைப்பேசியில் பத்துப் பதினைந்து கடைகளின் பட்டியல் இருக்கும். முதல் கடையில் நீண்ட வரிசை. இரண்டாவது கடைக்குப் போனால் அன்று விடுமுறை. மூன்றாவது கடை சாயங்காலம்தான் திறக்கும்.

கடைகளில் குறையில்லை. பட்டியல் போட்டவர்கள் வேளையைக் குறிக்காமல் விட்டதுதான் கோளாறு. ஈப்போவில் எங்கே சாப்பிடுவது என்று கேட்பதற்கு முன்னால் எந்த நேரத்தில் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அதோடு, இந்தக் கடையில் யார் யாருக்காகச் சமைக்க ஆரம்பித்தார்கள் என்றும் கொஞ்சம் தெரிந்திருந்தால் பட்டியலே வேண்டியதில்லை.

ஊரின் அமைப்பு எளிது. நடுவே கிந்தா ஆறு. மேற்கே பழைய நகரம், கிழக்கே புதிய நகரம், சுற்றிலும் சுண்ணாம்புக்கல் மலைகள். ஈயம்தான் இந்த ஊரை வளர்த்தது. லம்பங்களில், அதாவது ஈயச் சுரங்கங்களில், சீனர்கள் வேலை செய்தார்கள். ரயில்பாதையிலும் சாலைகளிலும், ஊரைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களிலும் தமிழர்கள். கட்டடக் கலைஞர் ஹப்பாக் வடிவமைத்த வெள்ளை ரயில் நிலையம் 1917இல் எழுந்தது. உள்ளூர்க்காரர்கள் அதைத் தாஜ்மகால் என்பார்கள். 1937இல் பேராக்கின் தலைநகர் தைப்பிங்கிலிருந்து ஈப்போவுக்கு மாறியது. அதே ஆண்டு தொடங்கிய ஒரு காப்பிக்கடை பழைய நகரத்தில் இன்னும் இருக்கிறது. காலை வேளைக்கு அங்கிருந்தே தொடங்கலாம்.

ஜாலான் பண்டார் தீமாவில் அந்தச் சின் யூன் லூங் ஒரு பக்கம், நாம் ஹியோங் எதிர்ப்பக்கம். எது சிறந்தது என்ற சண்டை ஈப்போக்காரர்களின் பொழுதுபோக்கு. நான் சொல்வது: எந்தக் கடையில் மேசை காலியாக இருக்கிறதோ அதில் உட்காருங்கள். ஈப்போவுக்குப் பேர்போன ஒயிட் காப்பியின் நுட்பம் வறுப்பில் இருக்கிறது. வழக்கமான சீனக்கடைக் காப்பிக்கொட்டையை மார்ஜரினோடு சர்க்கரையும் சேர்த்துக் கருக வறுப்பார்கள். அதனால்தான் அந்தக் கறுப்பும் கசப்பும். ஹைனான்காரர்கள் பெயர்வாங்கித் தந்த ஈப்போக் காப்பியில் சர்க்கரை சேர்ப்பதில்லை, மார்ஜரின் மட்டும். கொட்டை பழுப்போடு நின்றுவிடும். துணிப்பையில் வடித்துக் கெட்டிப்பாலை ஊற்றிக் கலக்கும்போது மேலே நுரை கட்டிக்கொள்ளும். தடித்த பீங்கான் கோப்பையின் விளிம்பு உதட்டைச் சுடும், ஆகவே முதல் வாயை அவசரமாகக் குடிக்காதீர்கள். கும்பகோணம் டிகிரி காப்பியை மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறவருக்கு இது அதிக இனிப்பாகத்தான் படும். இனிப்பு வேண்டாம் என்றால் ‘கோப்பி ஓ கோசோங்’ கேளுங்கள். பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை.

காப்பிக்கடையின் நடைமுறை தெரியாமல் வெளியூர்க்காரர்கள் திணறுவதைத் தினமும் பார்க்கலாம். கடை முதலாளி (தவுக்கே) விற்பது பானமும் ரொட்டியும் அரைவேக்காட்டு முட்டையும்தான். ஓரமாக அடுப்பு வைத்திருப்பவை ஒவ்வொன்றும் தனித்தனி ஒட்டுக்கடை, தனித்தனிக் கணக்கு. முதலில் மேசையைப் பிடிக்க வேண்டும். பிறகு பானம் சொல்ல வேண்டும். அது மேசைக்குக் கொடுக்கும் வாடகை மாதிரி. அதன் பிறகு எழுந்து போய் ஒட்டுக்கடைகளில் வேண்டியதைச் சொல்லி, மேசையைக் காட்டிவிட்டு வந்தால் போதும். சைவர்களும் ஹலால் பார்க்கிறவர்களும் இங்கே காப்பியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. நூடல்ஸ் வகைகளில் பன்றிக்கொழுப்பு எதில் இருக்கிறது, எதில் இல்லை என்று ஒவ்வொரு கடையிலும் விசாரித்துக்கொண்டிருந்தால் காலை போய்விடும். காயா தடவிய ரொட்டியிலும் முட்டை உண்டு.

நாம் ஹியோங்கிலிருந்து கிளைத்த ஓல்டு டவுன் நிறுவனம் 1999இல் தொடங்கிப் பொட்டலக் காப்பியை உலகம் முழுதும் கொண்டுபோயிற்று. பின்னர் ஐரோப்பிய நிறுவனம் ஒன்று அதை வாங்கிவிட்டது. 2014இல் ஓல்டு டவுனுக்காக லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் சக்கரெவிச் பழைய நகரச் சுவர்களில் வரைந்த படங்களைத்தான் இப்போது எல்லாரும் தேடி அலைகிறார்கள். பைகளில் கட்டித் தொங்கும் கோப்பி ஓ படம் அவற்றில் ஒன்று. பார்த்துக்கொண்டே நடந்தால் ஜாலான் பிஜே தீமாவில் ஹோ யான் ஹோர் மூலிகைத் தேநீருக்கு ஓர் அருங்காட்சியகம். 1941இல் இந்த ஊரில் பிறந்த தேநீர் அது. காய்ச்சல் என்று படுத்தால் மலேசிய வீடுகளில் அம்மாக்கள் கையில் எடுக்கும் அந்தக் கசப்புக்கு ஊர் எது என்று பலருக்குத் தெரியாது.

மதியத்துக்கு ஆற்றைக் கடக்க வேண்டும். தமிழ் விருந்தாளிகள் பெரும்பாலும் இந்த நேரத்தில் வழி மாறிவிடுகிறார்கள். ஜாலான் லஹாட் பக்கம் இருக்கும் லிட்டில் இந்தியாவுக்குப் போய் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, ‘நம்ம சாப்பாடு மாதிரி வராது’ என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். அந்தத் தெருக்களை நான் குறை சொல்லவில்லை. சைவர்களுக்கு அதுதான் கதி, பூக்கடையும் துணிக்கடையும் பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் அதே இலை, அதே மூன்று காய், அதே அப்பளம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலும் கிடைக்கிறது. சென்னையிலிருந்து வருகிறவருக்குக் கேட்கவே வேண்டாம். ஈப்போவில் தமிழ்க் கைப்பக்குவம் எங்கே போய்த் தனக்கென்று ஓர் உருவம் எடுத்ததோ, அங்கே ‘இந்திய உணவகம்’ என்று பலகை இருக்காது.

ஜாலான் யாங் கல்சோமில் யோங் சுவான் என்ற சீனப் பெயர் கொண்ட காப்பிக்கடைக்குள் இந்திய முஸ்லிம்களின் நாசி கண்டார் கடை. ஊர் அதற்கு வைத்த செல்லப்பெயர் நாசி கஞ்சா. கஞ்சா எதுவும் கிடையாது. ஒருமுறை சாப்பிட்டவர் விடமாட்டார் என்பதால் வந்த கேலி. பினாங்குத் துறைமுகத்தில் தமிழ் முஸ்லிம்கள் சோற்றையும் குழம்பையும் காவுதடியில் தோளில் சுமந்து கூலியாட்களுக்கு விற்ற சாப்பாட்டின் வழிவந்தது இது. தட்டில் முதலில் சோறு. மேலே சிவப்பு மசாலாவில் பிரட்டிய கோழி, பாதியாக வெட்டிய உப்பு முட்டை, வெண்டைக்காய். ஓரத்தில் தேங்காயும் புதினாவும் சேர்த்து அரைத்த பச்சைத் துவையல். குழம்புகளைக் கலந்து ஊற்றச் சொல்ல வேண்டும், தனித்தனியாகக் கேட்டால் பாதி ருசி போயிற்று. சிவப்பும் பச்சையும் சோற்றில் சந்திக்கும் இடத்திலிருந்து சாப்பிடத் தொடங்குங்கள். சீனர் கடையில், சீனர் ஊற்றித்தரும் ஐஸ் காப்பியோடு, மலாய்க்காரர் பக்கத்து மேசையில் இருக்க, புதினாத் துவையலைப் பிசைந்து சாப்பிடுவது ஈப்போவுக்குப் பழகிப்போன விஷயம். மேடையில் இதற்கு ஒற்றுமை என்று பெயர் வைக்கிறார்கள். இங்கே யாரும் பெயர் வைப்பதில்லை, இடம் கிடைக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள்.

சாப்பிட்டபின் நடக்க இடம் வேண்டும் என்றால் பாடாங் திடலுக்குத் திரும்புங்கள். திடலைப் பார்த்தபடி நிற்கும் பழைய எஃப்எம்எஸ் கட்டடத்தில் 1906இல் ஹைனான்காரர்கள் தொடங்கிய மதுக்கடையும் உணவகமும் இருந்தன. தோட்டத் துரைமாரும் லம்ப முதலாளிகளும் வார இறுதியில் அங்கே கூடுவார்கள். பல ஆண்டுகள் மூடிக் கிடந்து, புதுப்பிக்கப்பட்டு, இப்போது வேறு பெயரில் உணவகமாக நடக்கிறது. விலை கொஞ்சம் கூட. உட்கார்ந்து ஒரு குவளை குடிக்கலாம், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் துரைகளின் பணத்துக்கு மூலம் எது என்று தெரிந்து குடிப்பது நல்லது. விடிவதற்கு முன்பே பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கெடுப்புக்கு, நின்று, வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்று இருட்டிலேயே மரம் சீவப் போனவர்கள் குடித்தது தோட்டத்துக் கள்ளுக்கடையில். சம்பளத்தின் ஒரு பகுதி தோட்டத்தை விட்டு வெளியே போகாதபடி பார்த்துக்கொண்ட ஏற்பாடு அது. ஈப்போவில் எந்தச் சுற்றுலாப் பலகையும் கள்ளுக்கடைக்கு வழி காட்டாது.

வண்டி இருந்தால் அரை நாளைத் தோட்டங்களுக்குக் கொடுங்கள். தெற்கே பத்து காஜா பக்கம் கெல்லி கோட்டை. ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் கெல்லி ஸ்மித் கட்டத் தொடங்கி, 1926இல் லிஸ்பனில் இறந்ததால் முடியாமல் போன மாளிகை. ஸ்பானிஷ் காய்ச்சலில் தொழிலாளர்கள் மடிந்தபோது அவர்கள் கேட்டுக்கொண்டபடி ஸ்மித் மாரியம்மன் கோயிலும் கட்டினார். கோட்டையைப் படம் பிடிக்கிறவர்கள் அந்தச் சிறிய கோயிலைத் தவறவிடுகிறார்கள். கூரையில் சாமி சிலைகளுக்கு நடுவே வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக ஒரு துரை நிற்பதை அண்ணாந்து பார்த்தால்தான் தெரியும். சாப்பாட்டை மட்டும் பத்து காஜா ஊருக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

வடக்கே போனால் சுங்கை சிப்புட். 1948 ஜூன் 16 அன்று அந்த வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதிலிருந்துதான் மலாயாவின் அவசரகாலம் தொடங்கியது. அரசியல் தலைவர் துன் சம்பந்தன் பிறந்த ஊரும் அதுதான். தோட்டத் துண்டாடலில் வீடும் வேலையும் இழந்துகொண்டிருந்த தொழிலாளர்களையே பங்குதாரர்களாக்கித் தோட்டங்களை வாங்கும் நோக்கில் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அவர் தொடங்கினார். பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய்த் தாமான் என்னும் வீட்டுக் குடியிருப்புகள் வந்துவிட்டன. லயத்து வீடுகள் காலியானாலும் அடுப்பு அணையவில்லை. தாமான் முனையில் சடக்கோரமாக ஒரு மேசை, குடை, நீல நிறக் குளிர்பெட்டி. காலை ஏழு மணிக்குத் தோசையும் நாசி லெமாக்கும் ஒரே மேசையில் விற்கும் அக்காவைப் பேராக்கின் எந்தச் சிற்றூரிலும் பார்க்கலாம். ‘பசியாறிட்டிங்களா தம்பி’ என்று கேட்டுவிட்டுத்தான் என்ன வேண்டும் என்று கேட்பார். அவர் கைச் சம்பலில் கருவாடு மணக்கும். நெத்திலிச் சம்பலும் தோட்டத்துக் கருவாட்டுக் குழம்பும் எந்த இடத்தில் ஒன்றாயின என்று ஆராய வேண்டாம். இரண்டு வெள்ளி மூன்று வெள்ளிப் பொட்டலமாக வாங்கி வண்டியில் வைத்துச் சாப்பிடலாம். பெயரில்லாத அந்த மேசை எந்தப் பட்டியலிலும் வராது.

சாயங்காலத்துக்குள் ஈப்போ திரும்பிவிட்டால் ஜாலான் யாவ் தெட் ஷின். பயறு முளையோடு வரும் தவுகே கோழிக்குப் பேர்போன லாவ் வோங், ஓன் கீ இரண்டும் அருகருகே நடைபாதையில் மேசை போட்டு விற்கின்றன. கோழி வெந்நீரில் வேகவைத்துச் சோயா ஊற்றியது, சாதாரணமானதுதான். பயறு முளைதான் விஷயம். குட்டையாக, கொழுத்து, கடித்தால் நீர் தெறிக்கும். மலையிலிருந்து வரும் சுண்ணாம்புத் தண்ணீர்தான் காரணம் என்று ஊரே சொல்கிறது. ஆகவே கோழியைக் குறைத்து முளையை இன்னொரு தட்டு கேளுங்கள். கூடவே வரும் ஹோர் ஃபன், அரிசிமாவுப் பட்டை நூடல்ஸ், இடியாப்பம் தின்று வளர்ந்த நாக்குக்கு உடனே பிடித்துவிடும்.

ரயிலுக்கு முன்னால் ஓர் இடம் பாக்கி. ரயில்பாதைக்கு அப்பால் புந்தோங். நாட்டிலேயே இந்திய வாக்காளர் விகிதம் மிக அதிகமான சட்டமன்றத் தொகுதி என்று தேர்தல் நேரத்தில் எல்லாரும் நினைத்துக்கொள்ளும் பேட்டை. தைப்பூசக் காவடிகள் இங்குள்ள மாரியம்மன் கோயிலிலிருந்து புறப்பட்டுத்தான் குனோங் சீரோ சுப்பிரமணியரிடம் போகும். பாரதி பிறந்த எட்டயபுரத்திலிருந்து வந்த குடும்பங்கள் இங்கே கச்சாங் பூத்தே என்னும் நொறுக்குத் தீனித் தொழிலை வளர்த்தன. கடலை, பட்டாணி, முறுக்கு, ஓமப்பொடி, பகோடா, மரவள்ளிச் சீவல். அந்தக் காலத்தில் தட்டைத் தலையில் சுமந்து சினிமாக் கொட்டகை வாசலில் நின்று, பழைய நாளிதழைக் கூம்பாகச் சுருட்டிக் கொடுப்பார்கள். மலாய்ப் பிள்ளையும் சீனப் பிள்ளையும் தமிழன் சமையலை முதலில் ருசித்தது பெரும்பாலும் அந்தக் கூம்பிலிருந்துதான். இப்போது மூட்டை மூட்டையாக வறுத்துப் பல ஊர்களுக்கும் அனுப்புகிறார்கள்.

கடைக்குள் நுழைந்ததும் கடலை மாவும் ஓமமும் சூடான எண்ணெயும் ஒன்றாக மூக்கில் ஏறும். ருசி பார்த்துவிட்டு வாங்கலாம், அதற்கு யாரும் முகம் சுளிப்பதில்லை. எதையும் கலந்து கேட்காதீர்கள். ஓமப்பொடி தனி, காரக்கடலை தனி. சேர்த்துக் கட்டினால் இரண்டு நாளில் எல்லாம் ஒரே வாசனையாகிவிடும். ஒயிட் காப்பிப் பொட்டலங்களைச் சுமந்து போக வேண்டாம், அவை கோலாலம்பூர்ப் பேரங்காடியிலும் கிடைக்கும். அந்த இடத்துக்கு இன்னொரு கிலோ முறுக்கு வாங்குங்கள். ரயில் பெட்டியில் மட்டும் பையைப் பிரிக்க வேண்டாம். ஒரு கை எடுத்தால் பக்கத்து இருக்கைக்காரருக்கும் நீட்ட வேண்டியிருக்கும், ரயில் தஞ்சோங் மாலிம் வருவதற்குள் பாதி காலி.