அம்மா தொடாத வெங்காயம்

ஆனைக்குட்டத்தில் எங்கள் வீட்டில் சின்ன வெங்காயம் உரிப்பது என் வேலை. ஆறாம் வகுப்பில் என் தலையில் விழுந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் திண்ணையில் கால் கிலோ வெங்காயமும், ஒரு சட்டியில் தண்ணீரும் காத்திருக்கும். தோழிகள் அணைக்கட்டுப் பக்கம் விளையாடப் போவார்கள். நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அம்மா பட்டாசு ஆலையில், எங்கள் ஊர்ப் பேச்சில் ‘பயர் ஆபீஸ்’, வேலை பார்த்தார். காலையில் வேனில் போனால் பொழுது சாயும்போது வருவார். இரண்டு கைகளும் வெள்ளி பூசியதுபோல மின்னும். அலுமினியப் பவுடர். சேலையை மாற்றி, கையைத் தேய்த்துக் கழுவாமல் அடுப்படிக்குள் கால் வைக்க மாட்டார். அதன் பிறகு சோறு வடிப்பார், குழம்பு கூட்டுவார். வெங்காயத்தை மட்டும் தொட மாட்டார்.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. “எல்லாம் செய்ற, இதையும் நீயே உரிச்சா என்னம்மா?” என்று கத்திவிட்டேன்.

அம்மா கோபப்படவில்லை. கையை நீட்டிக் காட்டினார். எவ்வளவு தேய்த்தும் போகாமல், நகக்கண்களில் சாம்பல் நிறத்தில் கோடு ஓடியது.

“மத்ததுக்கெல்லாம் கரண்டி இருக்கு தாயி. வெங்காயத்தை நகத்தால கிள்ளித்தான உரிக்கணும்? மருந்து உங்க வயித்துக்குள்ள போகவா?”

அதற்குப் பிறகு நான் முணுமுணுக்கவில்லை. அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து, தொடாமலே தொழிலைச் சொல்லிக்கொடுத்தார். பத்து நிமிடம் தண்ணீரில் ஊறினால் தோல் இளகிவிடும். தலைப்பக்கம் கிள்ளி, கீழ்நோக்கி இழுத்தால் ஒரே உரியாக வரும். உரித்ததை ஈரம் போகத் துடைத்து ஓலைக்கொட்டானில் பரப்பி வைத்தால் காலைக் குழம்புக்குத் தயார். பல்லாரி நறுக்கும்போது வேர்ப்பக்கத்தைக் கடைசிவரை வெட்டக் கூடாது. இதழ்கள் கலையாது, கண்ணும் கொஞ்சம் தப்பிக்கும்.

கண் எரிவதற்குக் காரணத்தைப் பிற்பாடு படித்தேன். வெங்காயத்துக்குள் கந்தகச் சேர்மமும் நொதியும் தனித்தனியாக இருக்கின்றன. கத்தி பட்டதும் இரண்டும் கலந்து, கண்ணைக் கரிக்கும் வாயு கிளம்புகிறது. இந்த வாயுவை உண்டாக்கவே தனியாக ஒரு நொதி இருப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2002-ல் கண்டுபிடித்தார்கள். நறுக்குவதற்கு முன் கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தால் எரிச்சல் குறைவது, குளிரில் நொதியின் வேகம் மட்டுப்படுவதால்தான். அம்மாவிடம் சொன்னேன்.

“எங்க மருந்து மாதிரிதான். தனித்தனியா இருக்கிற வரைக்கும் சாது” என்றார்.

அம்மா வேலையை விட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. இப்போது மதுரையில் என் வீட்டுக்கு வந்தால், பையை வைத்த கையோடு கேட்பது, “வெங்காயம் எங்க இருக்கு?” என்பதுதான். டிவி முன் உட்கார்ந்து அரை கிலோவை உரித்துத் தள்ளிவிடுவார். நகங்கள் வெளுத்து, சுத்தமாக இருக்கின்றன.

“உரிச்ச வெங்காயமே பாக்கெட்டில் கிடைக்குதே, ஆச்சியை ஏன் கஷ்டப்படுத்துற?” என்று என் மகள் கேட்கிறாள். கிடைக்கிறதுதான். ஆனாலும் அம்மா வருகிற வாரம் தோலோடுதான் வாங்குகிறேன், ஒரு கிலோ கூடுதலாக.