ராவணன் கையா, ராஜஸ்தான் கைவண்ணமா? ஜெய்சல்மேரில் ஒலிக்கும் புதிர்

ஜெய்சல்மேர் கோட்டைச் சந்துகளிலும் கடிசர் ஏரிக்கரையிலும் சுற்றுலாப் பயணிகளை நின்று கேட்கவைக்கும் ஓர் இசை உண்டு. காதுக்கு வயலின், கண்ணுக்கோ மூங்கிலில் செருகிய கொட்டாங்குச்சி. அதன் பெயர் ராவணஹத்தா. 'ராவணனின் கை' என்று அர்த்தம்!

கொட்டாங்குச்சியும் குதிரை முடியும்

பாதிக் கொட்டாங்குச்சியின் வாயில் ஆட்டுத்தோலை இழுத்துக் கட்டுகிறார்கள். முக்கியத் தந்திகள் இரண்டு: ஒன்று குதிரை முடி, மற்றொன்று உலோகக் கம்பி. கூடவே ரீங்கரிக்கும் துணைக் கம்பிகள். வில்லில் சலங்கை கோத்திருப்பதால் தாளத்துக்குத் தனி ஆள் தேவையில்லை.

யார் செய்தது?

சிவனை மகிழ்விக்க ராவணன் தன் கை நரம்பையே தந்தியாக்கினான், போருக்குப் பின் அனுமன் அதை வடக்கே கொண்டுவந்தார் என்பது கர்ணபரம்பரைக் கதை. தென்னையே இல்லாத பாலைவனத்தில் கொட்டாங்குச்சி வாத்தியம் என்றதும், கதை உண்மைதானோ என்று தோன்றும். ஆனால், கோயிலுக்கு உடைக்கும் தேங்காய் ராஜஸ்தானுக்கும் காலங்காலமாக வந்துகொண்டுதானே இருக்கிறது!

பிரெஞ்சுப் பயணி சொன்னேரா 1782-ல் வெளியிட்ட நூலில் 'ராவணாஸ்திரோன்' என்றொரு கருவியைக் குறித்தார். 1856-ல் இசை வரலாற்றாளர் ஃபெதீஸ், வயலினுக்கே இதுதான் மூதாதை என்றார். பின்வந்த ஆய்வாளர்கள் பலர் அதை ஏற்கவில்லை. வில்லால் இசைக்கும் முறை சுமார் 10-ம் நூற்றாண்டில் மத்திய ஆசியப் பகுதியிலிருந்து பரவியிருக்கலாம் என்பது அவர்கள் கருத்து.

பாட்டில் வரும் இலங்கை

பிறப்பிடத்தில் குழப்பம் இருந்தாலும், வாழும் இடத்தில் சந்தேகமில்லை. நாட்டார் தெய்வமான பாபூஜியின் கதையைப் பாடும் போபாக்கள்தான் இதன் சொந்தக்காரர்கள். 'பட்' எனும் நீண்ட ஓவியத் திரையைக் கட்டி, இரவெல்லாம் பாடுவார்கள். போபாவின் மனைவி விளக்கைத் தூக்கிப் பிடித்து, கூடவே பாடுவார். அந்தக் கதையிலும் இலங்கை வருகிறது: ராவணனை வென்று, பாபூஜி ஒட்டகங்களை ஓட்டி வருகிறார்!

இப்போது விடிய விடியக் கேட்க ஆட்கள் குறைவு. கோட்டை வாசலில் சினிமாப் பாட்டு வாசித்தால்தான் பல போபாக்களுக்கு அன்றைய வருமானம். ராவணனின் கைக்கு ஆதாரம் தேடலாம், தவறில்லை. ஆனால், வாத்தியம் பிழைத்திருப்பது இந்தக் கைகளில்தான்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஜெய்சல்மேர் செல்ல ஏற்ற காலம். போனால், சினிமாப் பாட்டோடு நிறுத்தாமல், "பாபூஜி பாட்டு ஒன்று" என்று கேட்டுப் பாருங்கள்.